போருக்கு நடுவே பதவிக்கு வரும் புதிய அதிபர், பழைய ஆட்சியின் ஆட்களை ஏன் வைத்துக்கொள்கிறார்?

2008 டிசம்பர் 1. எனக்கு இரவு ஷிப்ட். மும்பைத் தாக்குதல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, கேன்டீன் டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் தாஜ் ஹோட்டல். கீழே ஓடிய வரியில் ஒபாமாவின் அமைச்சரவைச் செய்தி வந்து போனது: பாதுகாப்பு அமைச்சராக ராபர்ட் கேட்ஸே தொடர்வார். இராக் போரை எதிர்த்துப் பேசியே ஓட்டு வாங்கியவர், புஷ் வைத்த ஆளையே வைத்துக்கொள்கிறாரே, இதுக்கா இவ்வளவு கூத்து என்று பக்கத்திலிருந்த நண்பரிடம் சலித்துக்கொண்டேன்.

அதிலிருந்த கணக்கு பிறகுதான் புரிந்தது. அப்போது இராக்கில் மட்டும் ஏறக்குறைய 1,40,000 அமெரிக்கப் படையினர். புதிதாக ஒருவரைப் போட்டால் செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) ஒப்புதல், அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதைவிடப் பெரிய காரணம் அரசியல். ராணுவ அனுபவமே இல்லாத அதிபர் படைகளைத் திரும்ப அழைக்கும்போது, புஷ்ஷின் அமைச்சரே பக்கத்தில் நின்றால் புஷ்ஷுடைய குடியரசுக் கட்சிக்காரர்களால் அதிகம் சத்தம் போட முடியாது.

ஒபாமாவும் கேட்ஸும் இதைப் பேசி முடித்த இடம் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் தீயணைப்பு நிலையம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, இவர்களுடைய கார்களை உள்ளே விட்டிருக்கிறார்கள். புஷ் ஆட்சி முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் குட்டிக் கடிகாரம் ஒன்றைக் கேட்ஸ் பையிலேயே வைத்திருந்தாராம், வீட்டுக்குப் போக அவ்வளவு ஆசை! 2009 ஜனவரி 20 பதவியேற்பு விழாவில், ஏதாவது விபரீதம் நடந்தால் நாட்டை நடத்த ஒருவர் வேண்டுமே என்று விழாவுக்கு வராமல் தனியாக வைக்கப்பட்டவரும் இவர்தான்.

ஆனால் எல்லாப் பழைய ஆளையும் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும், துணை அதிபராக இருந்து அதிபரான ஜான்சன் அவருடைய குழுவை அப்படியே வைத்துக்கொண்டார்: பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, வெளியுறவு அமைச்சர் ரஸ்க், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பண்டி. அன்று வியட்நாமில் சுமார் 16,000 அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள். 1968-ல் அங்கே 5 லட்சத்துக்கும் மேல் படையினர். முடிவெடுத்தது ஜான்சன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள், முன்னால் தாங்கள் சொன்ன யோசனையைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இருந்தார்கள்.

கேட்ஸுக்கு அந்தச் சுமை இல்லை. இராக் போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரம்ஸ்ஃபெல்டைத் தூக்கிவிட்டு, சரிசெய்ய 2006 டிசம்பரில் கொண்டுவந்த ஆள். வீட்டைக் கோணலாகக் கட்டிய மேஸ்திரி வேறு, பிறகு விரிசலைப் பார்க்க வந்தவர் வேறு. அதனால்தான் 2009 மே மாதம் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படைத் தளபதி மெக்கியர்னனை மாற்ற அவருக்குக் கை நடுங்கவில்லை.

2011 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் உயரிய குடிமை விருதான சுதந்திரப் பதக்கத்தோடு கேட்ஸ் விடைபெற்றார். 2014 ஜனவரியில் வந்த நினைவுக்குறிப்பில், ஒபாமாவுக்குத் தன் ஆப்கன் உத்தியிலேயே நம்பிக்கை இல்லை என்று எழுதினார். ஒபாமா அப்போதும் பதவியில்தான் இருந்தார். கேன்டீன் நண்பர் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "அன்னைக்கு நீ சொன்னது சரிதான்டா" என்றார். இல்லை, வைத்துக்கொண்டது சரிதான், மனுஷன் இன்னும் மூணு வருஷம் பொறுத்து எழுதியிருக்கலாம் என்று பதில் போட்டேன்.