கல்லின் ருசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினின் பிரியோராட் மலைப்பகுதி பற்றிய கட்டுரையில், அந்தச் சிவப்பு வைனில் ‘மலையின் கல் ருசிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நிலவியல் படித்தவன். கல்லுக்கு ஏது ருசி? அது வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வருமா? விலையை ஏற்ற வியாபாரிகள் கட்டிவிட்ட கதையை நீங்களும் சொல்லலாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அந்த வரி தப்புதான். எழுதும்போது கை ஓடிவிட்டது. வேர் உறிஞ்சும் தாதுக்களில் பழத்துக்குப் போவது சொற்பம், அது நாக்குக்குத் தெரியாது. ஆனால் அதற்காகக் கல்லையே தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அங்கிருந்து பொறுக்கி வந்த ஒரு துண்டு என் மேசையில் கிடக்கிறது. லிகோரெல்லா என்கிறார்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் பலப்பத்தால் கிறுக்கிய சிலேட்டுக்குச் சொந்தக்காரன். வெயிலில் திருப்பினால் காக்காப்பொன் மினுங்கும். விளிம்பில் நகத்தை விட்டு நெம்பினால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். சூட்சுமம் அந்த ஏடுகளில் இருக்கிறது. மேல்மண் அதிகம் கிடையாது. பெய்கிற கொஞ்ச மழையும் இடுக்குகளில் இறங்கிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் திராட்சைக் கொடியின் வேரும் அதே இடுக்கு வழியாக மீட்டர் கணக்கில் இறங்கியாக வேண்டும். இப்படித் தவிக்கிற கிழட்டு கர்நாச்சா, கரினியேனா ரகக் கொடிகளில் சில, வருஷத்துக்கு ஒரு பாட்டிலுக்கு வேண்டிய பழத்தைக்கூடத் தருவதில்லை. தருகிற பழம் சிறுத்து, சாறு திரண்டிருக்கும். 14, 15 சதவீத ஆல்கஹாலும் ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பும் அப்படி வந்தவை. கல் செய்த வேலை, கொடியைப் பட்டினி போட்டது.

விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியர் என்ற கிறிஸ்தவத் துறவிகள் அங்கே மடம் கட்டினார்கள். பெயர் ஸ்காலா தேய், கடவுளின் ஏணி. 1835இல் மடத்துச் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பிலாக்சிரா பூச்சி வேர்களைத் தின்றது. ஜனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தவர்களின் வைன், அடுத்தவர்களின் நீர்த்த வைனுக்கு நிறமும் வீரியமும் சேர்க்க மொத்தமாக விலைபோனது. அப்போதும் இதே கல்தான்.

1989இல் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ், டாஃப்னி குளோரியான் முதலான வைன் தயாரிப்பாளர்கள் சிலர் அங்குள்ள கிராதயோப்ஸ் கிராமத்தில் பழங்களை ஒன்றாகக் கொட்டி ஒரே வைனாகக் காய்ச்சி, இல்லை, காய்ச்சுவது நம்மூர்ச் சரக்கு; நொதிக்கவிட்டு, வேறு வேறு பெயர்களில் பாட்டிலில் அடைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து பலாசியோஸ் தொடங்கிய லெர்மீத்தா, இன்று ஸ்பெயினின் மிக விலை உயர்ந்த வைன்களில் ஒன்று. அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. குடித்தது சாதாரண பிரியோராட், இரண்டு கோப்பை. அதில் ஒன்று நண்பர் காசு.

ஆனால் அந்த விலையில் கூலியும் இருக்கிறது. டிராக்டர் ஏறாத சரிவுகளில் இன்றும் கோவேறு கழுதை பூட்டி உழுகிறார்கள். குலைகளைக் கையால்தான் பறித்தாக வேண்டும். கால் வைத்தால் சில்லுகள் சறுக்கும். வெறுங்கையோடு இறங்கிய நானே இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மேசைத் துண்டின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. குவார்ட்ஸ் என்று நினைக்கிறேன். படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.