துரையிடம் நீட்டும் மனு

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். மகனுக்கு 9 வயது, வலிப்பு வருகிறது. 21 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். 22ஆம் நாள் மறுபடியும் வந்தது. லூக்கா 18இல் வரும் விதவையைப் போல நான் விடாமல் கேட்கவில்லை என்கிறார்கள் ஜெபக்குழுவில். மாத்திரையை நிறுத்தினால்தான் அது விசுவாசம் என்றார் ஒருவர். எங்கே தவறினேன்?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளையின் உயிரை வைத்துத் தாயின் விசுவாசத்தைச் சோதிக்கிற ஒருவரைப் பிதா என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

அந்த விதவை போய் நின்றது தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதிக்காத ஒரு நியாயாதிபதியிடம். தொந்தரவு தாங்காமல் அவன் இறங்கிவந்தான். இப்படிப்பட்டவனே இறங்கினால் தேவன் எவ்வளவு இறங்குவார் என்று சொல்லத்தான் இயேசு அந்தக் கதையை எடுத்தார். நாமோ அந்த நியாயாதிபதியையே பரலோகத்தில் உட்காரவைத்துவிட்டு, எத்தனை நாள் தட்டினால் திறப்பான் என்று கணக்குப் போடுகிறோம்.

1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்த தேயிலைத் தொழிலாளி என் அப்பா. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவர், ஜெபிக்க நின்றால் தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விடும், தோள் குறுகிவிடும். அங்கே, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், தோட்டத்துத் துரை முன்னால் நின்ற அதே நிற்பு. “மகா பரிசுத்தமுள்ள தேவனே” என்று தொடங்கினால் மனு வாசிக்கிற குரல். ஒரு வார்த்தை பிசகினாலும் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் விழும் என்ற பயம் அதில் இருக்கும்.

தங்கை நிமோனியாவில் கிடந்த இரவு தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் படியில் பனியில் உட்கார்ந்து, “என்னப்பா இது? பாத்துக்கிட்டுத்தானே இருக்க?” என்றார். ‘நீர்’ இல்லை, ஆமென் இல்லை. அவர் ஜெபித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான் என்று இப்போது தோன்றுகிறது. தங்கை பிழைத்தாள். பிழைக்காத பிள்ளைகளும் அதே லயத்தில் உண்டு. அதனால் இதைச் சாட்சியாகச் சொல்ல மாட்டேன்.

13ஆம் சங்கீதமும் “எதுவரைக்கும்” என்று கர்த்தரிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறது. அது இன்றும் வேதத்தில்தான் இருக்கிறது.

மகன் குணமாவான் என்று உறுதி சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் எங்கும் தவறவில்லை, சகோதரி. 22ஆம் நாள் உங்களுக்கு வந்த கோபத்தை அவரிடம் சொன்னீர்களா? இன்றைக்கு, பையன் தூங்கியதும் சொல்லுங்கள். நம் வீட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள்.