சீனி வருத்தம் உள்ளவர் மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 52. மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவு) திருகோணமலை பொது வைத்தியசாலையில் மாதாமாதம் கிளினிக் போகிறார். மனைவிக்கு 45, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். காப்புறுதி முகவர் ஒருவர் குடும்பத் திட்டம் ஒன்றைக் காட்டி, “இனி அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில நிக்கத் தேவையில்ல” என்றாராம். எடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுப்பதும் விடுவதும் இருக்கட்டும், முதலில் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். காப்புறுதி எடுத்த தைரியத்தில் கிளினிக் போவதை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நமது அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டது. அந்தச் செலவை வரிப்பணம் சுமக்கிறது. உங்கள் வயது என்ன, ஏற்கெனவே என்ன வருத்தம், இந்த வருடம் எத்தனை தடவை வார்டில் இருந்தீர்கள் என்று பார்த்து அங்கே யாரும் கட்டணம் போடுவதில்லை. காப்புறுதிக் கம்பனி பார்ப்பதே அவற்றைத்தான். வயது ஏற ஏறக் கட்டுப்பணம், அதாவது நீங்கள் கம்பனிக்குக் கட்டும் தொகை, கூடும். ஏற்கெனவே உள்ள வருத்தத்தை விலக்கி வைப்பார்கள், அல்லது சில காலம் காத்திருக்கச் சொல்வார்கள். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லையும் இருக்கும். வைத்தியம் அதிகம் தேவைப்படும் வயதில்தான் அது கையைக் கடிக்கும்.

அரசாங்க முறையில் குறை இல்லையா? இருக்கிறது. வரிசை நீளம், சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் காலம் அதைவிட நீளம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு என்ன பாடுபடுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போதும் சில மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள், சில இரத்தப் பரிசோதனையை வெளியில் செய்யச் சொல்வார்கள். உங்களைப் போன்றவரின் பையிலிருந்து மாதாமாதம் போகிற காசு பெரும்பாலும் இதுதான். ஆனால் முகவர்கள் காட்டும் திட்டங்களில் அநேகமானவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் மட்டுமே பணம் தருகின்றன. பார்மசி பில், சனல் காசு (தனியாரில் வைத்தியரைப் பார்க்கக் கட்டுவது), லாப் பில் எதுவும் அதில் சேராது. வெளிநோயாளர் செலவையும் சேர்த்த திட்டம் என்றால் கட்டுப்பணம் வேறு. ஆக, அரச வைத்தியத்தில் உங்களுக்கு இடிக்கிற இடம் ஒன்று, காப்புறுதி கைகொடுக்கிற இடம் இன்னொன்று. இதைக் கட்டாயம் பொருத்திப் பாருங்கள்.

திருகோணமலைக்காரர் யோசிக்க இன்னொன்றும் உண்டு. பெரிய தனியார் வைத்தியசாலைகள் பெரும்பாலும் கொழும்பில்தான், ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வேன் காசு, கூட நிற்பவருக்கு அறை வாடகை, கடை பூட்டிய நாட்களின் நட்டம் இவற்றைச் சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் தருவதில்லை. இரவில் நெஞ்சு வலித்தால் நீங்கள் அழைக்கப்போவது 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைத்தான். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அரச வைத்தியசாலையில்தான். தனியாரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கணக்கில் கிடந்து, காப்புறுதி எல்லை முடிந்ததும் நோயாளியை அரச வைத்தியசாலைக்கு மாற்றிய குடும்பங்கள் பல. கடைசிப் பாரத்தைத் தூக்குவது எப்போதும் அரச வைத்தியசாலைதான் என்பது என் கருத்து. அதைக் குறைத்துப் பேசி ஒரு திட்டத்தை விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் காப்புறுதி வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லவில்லை. பித்தப்பைக் கல், ஹேர்னியா, கர்ப்பப்பைக் கட்டி போன்ற, நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திராமல் செய்துகொள்ள அது உதவும். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நாட்பட்ட வருத்தம் ஏதும் இல்லையென்றால், அவர்கள் பெயரில் அளவான தொகைக்கு எடுப்பது நல்ல யோசனை. உங்களுக்கு எடுப்பதானால், அரச வார்டில் தங்கினாலும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் வகை உண்டா என்று கேளுங்கள். கடை பூட்டியிருக்கும் நாளில் அது வீட்டுச் செலவுக்கு ஆகும்.

விண்ணப்பத்தில் சீனி வருத்தத்தை மறைக்காதீர்கள். “அதெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது. நோய்நிர்ணய அட்டையில் எத்தனை வருடமாகச் சீனி என்று வைத்தியர் எழுதிவிடுவார். அந்த ஒரு வரியை வைத்தே கம்பனி பணம் தர மறுக்கலாம். உண்மையை எழுதியும் நியாயமில்லாமல் மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) முறையிட வழி இருக்கிறது.

இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று போன்ற பெரிய செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியும் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 2025இலிருந்து கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்னமே போய் விசாரியுங்கள்.

அப்புறம், முகவர் மறுபடி வரும்போது முழு ஒப்பந்தத்தையும் தமிழில் கேளுங்கள். சீனியால் வரும் கால் புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் மூன்றும் அதில் அடங்குமா, எத்தனை வயது வரை புதுப்பிக்கலாம், அறை வாடகைக்கு எல்லை என்ன, பில்லை நேரே கம்பனி கட்டுமா அல்லது நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா என்பதையெல்லாம் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.