வீட்டில் போட்ட ட்ராக் திருவிழா செட்டில் ஏன் மாறிப்போகிறது?

கேள்வி: தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் தப்பாட்டக் குழு வைத்திருக்கிறோம். பாட்டுக்கான பின்னணி இசையை வீட்டில் லேப்டாப்பில் தயார் செய்து, மேடையில் செல்போனிலிருந்து ஓடவிடுகிறோம். ஹெட்ஃபோனில் அருமையாக இருந்த ட்ராக், சித்திரைத் திருவிழாவில் பெரிய செட்டில் போட்டதும் கிக் டிரம், பேஸ், கோரஸ் எல்லாம் மறைந்து எக்கோ மட்டும் கேட்டது. ஆபரேட்டர் வயரை ஏதோ மாற்றியதும் வந்துவிட்டது. ஆனால் பேஸ் குமுறி, பாடும் பெண்ணின் குரல் அமுங்கியது. ஒரு பாட்டு மெதுவாக, அடுத்தது காதைப் பிளக்கிறது. அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் நிகழ்ச்சி. ட்ராக்கில் என்ன திருத்த வேண்டும்?

பதில்: முதல் கோளாறு ட்ராக்கில் இல்லை, வயரில்தான். செல்போனின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னை ஒரு பெரிய ஸ்டீரியோ ஜாக்காக மாற்றி, மிக்ஸரில் ஒரே சேனலில் செருகியிருப்பார்கள். அந்த சேனலின் உள்ளீடு பேலன்ஸ்டு வகை. ஜாக்கின் நுனியில் வருவதிலிருந்து நடு வளையத்தில் வருவதை அது கழித்துவிடும். மைக் வயரில் புகும் இரைச்சலைப் போக்க வைத்த ஏற்பாடு அது. உங்கள் ட்ராக்கிலோ நுனியில் இடது பக்கம், வளையத்தில் வலது பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் கிக், பேஸ், நடுவில் வைத்த கோரஸ் எல்லாம் கழிந்து போகும். இரு பக்கமும் வேறுபடும் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) மட்டும் மிஞ்சும். நீங்கள் கேட்ட 'எக்கோ' அதுதான்.

ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு தனித்தனி 6.35 மி.மீ. மோனோ ஜாக் உள்ள கேபிள் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சேனலில் போட்டால் வேலை முடிந்தது. முடிந்தால் இரண்டு சேனல் உள்ள பாஸிவ் டி.ஐ. பாக்ஸ் (செல்போனுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. நீளமான வயரில் ஹம் வராமல் காக்கும், மைக்குக்காக மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம் செல்போன் பக்கம் வராமலும் தடுக்கும். புளூடூத் வேண்டாம். தப்படிக்கிறவர் ட்ராக்கைக் கேட்டு வாசிக்கும் இடத்தில், புளூடூத் தாமதம் எவ்வளவு என்று கணிக்கவே முடியாது.

இனி ட்ராக். கிராமத்து செட் பெரும்பாலும் மோனோவாக, அதாவது எல்லாப் பாக்ஸிலும் ஒரே ஒலியாகத்தான் ஓடும். ஸ்டீரியோ வைத்தாலும் இடது பாக்ஸ் ஓரம் உட்கார்ந்தவருக்கு வலது பக்கம் வாசிப்பது கேட்காது. ஆகவே மென்பொருளில் மாஸ்டரை மோனோவாக்கி ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேளுங்கள். எந்தக் கருவி மெலிகிறதோ, அதில் ஒலியை இரு பக்கமும் விரிக்கும் 'ஸ்டீரியோ வைட்னர்' மாதிரி ஏதாவது போட்டிருப்பீர்கள், எடுத்துவிடுங்கள். ஓரத்தில் ஒதுக்கிய கருவிகள் மோனோவில் கொஞ்சம் இறங்கும். மோனோவில் கேட்டபடியே அளவைச் சரி செய்யுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும்.

பேஸ் குமுறியதற்குக் காரணம் இரண்டு. மெதுவாகக் கேட்கும்போது நம் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகவே வாங்கும். 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் ராத்திரி மெல்லக் கேட்டு 'பேஸ் போதவில்லை' என்று ஏற்றிவிடுவோம். அதே ட்ராக் பெரிய சத்தத்தில் ஓடும்போது ஏற்றிய பேஸ் இரண்டு பங்காகத் தெரியும். இரண்டாவது காரணம், ஹெட்ஃபோனில் தெரியாத 20, 25 ஹெர்ட்ஸ் அதிர்வுகள். பெரும்பாலான சப் பாக்ஸ்கள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் தராது. ஸ்பீக்கரின் கூம்பு அசையும், ஆம்ப் சூடாகும், சத்தம் மட்டும் வராது. மாஸ்டரில் 35 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள். கிக் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் பேஸுக்கு 100-க்கு மேல் இடம் கொடுங்கள். பேஸில் லேசான சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச் சிதைவு) சேர்த்தால் சப் இல்லாத சின்னப் பெட்டியிலும் அதன் சுரம் புரியும்.

நிகழ்ச்சி கல்யாண மண்டபத்தில் என்றால் கதையே வேறு. டைல்ஸ் தரை, வெறும் சுவர், தகரக் கூரை என்று ஒலி உள்ளேயே சுற்றும். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கீபோர்டிலும் ஸ்டிரிங்ஸிலும் 2, 3 டெசிபல் குறைத்துவிடுங்கள். திறந்தவெளியோ மண்டபமோ, ட்ராக்கில் இருக்கும் ரிவெர்ப் பாதியாகட்டும். தெருவில் 35 மீட்டர் இடைவெளியில் பாக்ஸ் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி வந்து சேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். ஊரே எக்கோ போடும்போது நாம் வேறு எதற்குப் போட வேண்டும்?

குரலுக்கு வழி விடுவதுதான் பின்னணி இசையின் வேலை. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பேடு, லீட் சின்த் போன்ற கீபோர்டு ஒலிகளில் அகலமாக 3 டெசிபல் வெட்டுங்கள். நாதஸ்வரம் நேரடியாக வாசித்தால் அந்தப் பகுதியை அதுவும் சேர்ந்து நிறைக்கும், இன்னும் கொஞ்சம் வெட்டலாம். நாதஸ்வரத்தின் சுருதியைக் கீபோர்டு மாதிரி பட்டனில் மாற்ற முடியாது. வாசிப்பவரிடம் கட்டையைக் கேட்டு, அவர் கருவியை ஒரு நிமிடம் செல்போனில் பதிந்து, அதற்கேற்ப ட்ராக்கின் சுருதியை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்துங்கள்.

இன்னொன்று, எல்லாரும் விட்டுவிடுவது. மேடையில் தப்பு நேரடியாக அடிக்கிறீர்கள் என்றால் ட்ராக்கில் பதிந்த தப்பை எடுத்துவிடுங்கள். இரண்டும் 20, 30 மில்லி நொடி விலகினாலே அடி இரட்டையாக விழும். கூட்டம் அதை வாசிப்பவரின் தாளப் பிசகாகத்தான் எடுத்துக்கொள்ளும். நேரடித் தப்போடு சேர்ந்து நிற்க கிக்கும் ஒரு சலங்கையும் போதும்.

ஒரு பாட்டு மெதுவாக, ஒன்று பெரிதாக என்பதற்கு அளவுமானி ஒன்றே மருந்து. எல்லாப் பாட்டையும் ‑16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரி சத்தத்தின் அளவு) பக்கம், ஒன்றுக்கொன்று 1-க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வையுங்கள். உச்சம் ‑1 டெசிபலைத் தாண்டக் கூடாது. உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் 2, 3 டெசிபலுக்கு மேல் பிடிக்க வேண்டாம். யூடியூப் பாட்டு மாதிரி நசுக்கிக் கொடுத்தால் 'பவர்' வரும் என்பது பொய்க் கணக்கு. ஆபரேட்டர் ஃபேடரை இறக்கி அதே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அடியின் குத்து போனது போனதுதான். சத்தம் போட அங்கே ஆம்ப் இருக்கிறது, ட்ராக் அந்த வேலையைப் பார்க்க வேண்டாம்.

எங்களைக் கேட்டால், ஸ்டீரியோவையே விட்டுவிட்டு இடது சேனலில் கிக், பேஸ், தாளமும் வலதில் கீபோர்டு, கோரஸும் என்று இரண்டு மோனோவாகப் பிரித்துக் கொடுப்பது மேல். மிக்ஸரில் இரண்டு சேனலும் எல்லாப் பாக்ஸுக்கும் சமமாகப் போகும்படி நடுவில் பேன் செய்யச் சொல்லுங்கள். பேஸ் குமுறினால் ஆபரேட்டர் இடதை மட்டும் இறக்கலாம், குரல் தப்பிக்கும். இதை வாய்ச்சொல்லாக விடாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தெரியாமல் ஒருவர் இடது, வலது என்று பிரித்துவிட்டால் பந்தலின் ஒரு பாதிக்கு வெறும் தாளம்தான் போகும்.

ஃபைல் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ். 5 நிமிடப் பாட்டு 86 எம்.பி. வரும். மிக்ஸரின் யு.எஸ்.பி. பிளேயர் அதைப் படிக்காமல் போகலாம் என்பதால் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு பிரதி, ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென்டிரைவில். சில பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் காப்பி செய்த வரிசையில் ஓடும், ஆகவே 01, 02 என்று பெயரிட்டு ஒவ்வொன்றாகவே காப்பி செய்யுங்கள். பாட்டின் முன்னால் அரை நொடி மௌனம், பிறகு நான்கு எண்ணிக்கை. முடிவில் ஃபேட்-அவுட் வேண்டாம், ஆடுபவர்களுக்கு முடிப்பு தெரிய வேண்டும். செல்போனில் ஓட்டினால் ஃபிளைட் மோடு. பூசாரி கூப்பிட்டால் அந்த ரிங்டோன் ஊருக்கே கேட்கும்.

அன்று சோதனையில், சத்தம் அதிகமுள்ள பாட்டின் உச்சப் பகுதியைப் போட்டு, மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியாமல் கெயின் (உள்ளீட்டு அளவு) வைக்கச் சொல்லுங்கள். பிறகு ட்ராக்கை முழுதாக இறக்கிவிட்டு, பாடுபவரின் மைக்கை முதலில் சரி செய்து, அதற்கடியில் ட்ராக்கை ஏற்றுங்கள். கடைசி வரிசை வரை ஒருமுறை நடந்து கேளுங்கள். லேப்டாப்பில் ஓட்டி ஹம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை (ஒலி வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) அழுத்துங்கள். ஹம்முக்காக பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈர வயலில் மேடை, பக்கத்தில் ஜெனரேட்டர் என்றிருக்கும் இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

பாட்டு வரிசை போடும்போது நேரத்தையும் பாருங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் நாள் அதில் வருகிறதா என்று அனுமதி வாங்கும்போதே விழாக் குழுவிடம் கேட்டு, கிக் அதிகமுள்ள பாட்டுகளை முதல் பாதியில் வைத்துவிடுங்கள்.