மூலைமட்டமும் வெளிச்சமும்

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புத் தொழிற்பிரிவில் ஆசிரியராக இருக்கிறேன். படிப்பு வராத பிள்ளைகளைத்தான் எங்கள் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே கணிதத்தையும் இயற்பியலையும் முடிந்தவரை குறைத்து, கைவேலையை மட்டும் பழக்கி அனுப்புவதே அவர்களுக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இயந்திரங்கள் தாமே இயங்கும் காலத்தில் எந்தத் தொழிலைக் கற்பித்தால் வேலை நிலைக்கும்? அதற்கு இரண்டு ஆண்டுகள் போதுமா?

தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் என் பழைய வெர்னியர் அளவுகோலைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எந்தத் தொழில் நிலைக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். இரண்டு ஆண்டுகள் அடித்தளத்துக்குப் போதும், தேர்ச்சிக்குப் போதாது. ஜெர்மனியில் தொழிலக இயந்திரப் பணிக்கான பயிற்சிக் காலமே மூன்றரை ஆண்டுகள். அதுவும் பள்ளியும் தொழிற்கூடமும் சேர்ந்து கொடுக்கும் பயிற்சி.

ஆனால் ‘படிப்பு வராத பிள்ளைகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. ஓர் ஆசிரியர் இதை எழுதலாமா? நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், பதினாறு வயதுப் பிள்ளை உங்கள் முகத்திலிருந்தே அதைப் படித்துவிடும். நான் அப்படிப் படித்தவன். கணிதத்தில் தோற்றதால் பட்டறைக்கு அனுப்பப்பட்டவன்.

அங்கே எனக்குக் கொடுத்த முதல் ஜாப், அதாவது பயிற்சி வேலை, ஓர் இரும்புத் துண்டு. அதை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் ராவி, பக்கங்களைச் சமதளமாகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் ஆக்க வேண்டும். ஒரு வாரம் ராவினேன். பயிற்றுநர் மதிப்பெண் எதுவும் போடவில்லை. செங்கோணத்தைச் சோதிக்கும் மூலைமட்டத்தை என் கையில் கொடுத்து, துண்டின்மேல் வைத்துச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். இரு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்தது. நடுப்பகுதி புடைத்திருந்தது. மறுபடி ராவினேன், மறுபடி புடைத்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அரம் முன்னே செல்லச் செல்ல அதன் நுனி துண்டைத் தாண்டி நீள்கிறது, பிடியோ துண்டை நெருங்குகிறது. நுனியில் இருக்கும் கை தொடக்கத்தில் கொடுத்த அதே அழுத்தத்தைக் கடைசிவரை கொடுத்தால், அரம் முன்பக்கமாகச் சாய்ந்து ஓரத்தைத் தின்றுவிடும். ஆகவே அந்தக் கையின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிடியில் இருக்கும் கையின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இது விசையின் திருப்புத்திறன், அதாவது ஒரு பொருளைச் சுழற்றும் விளைவு, அல்லாமல் வேறென்ன? அதே வாரத்தில், அதே கட்டடத்தின் மாடியில், திருப்புத்திறனைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நான் அதைப் புரியாமல் மனப்பாடம் செய்து, தேர்வில் தவறாக எழுதினேன். மாடியில் இருந்தவர் பட்டறைக்கு இறங்கி வரவுமில்லை, பட்டறையில் இருந்தவர் மாடிக்கு ஏறவுமில்லை. எனக்குப் படிப்பு வரவில்லை என்று இருவரும் நம்பினார்கள்.

வெர்னியரிலும் அப்படித்தான். அதன் நகரும் பகுதியில் 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 சம பாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதையும், அதனால் ஒரு பாகம் ஒரு மில்லிமீட்டரைவிட 0.02 மில்லிமீட்டர் குறைகிறது என்பதையும் என் கண்ணால் கண்ட அன்றுதான் பின்னம் எனக்குப் பிடிபட்டது. கணிதத்தைக் குறைத்துவிடலாம் என்கிறீர்கள். எதைக் குறைப்பீர்கள்? அரத்தின் அசைவிலும் அளவுகோலின் கோடுகளிலும் இருப்பதை எப்படிக் கழிப்பீர்கள்? அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடத்தான் உங்களால் முடியும்.

இந்தப் பட்டறைப் பாடமுறையின் வரலாற்றையும் பாருங்கள். மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் 1868இல் விக்டர் டெல்லா வோஸ் கைத்தொழில்களை எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் பயிற்சிகளாகப் பிரித்து வரிசைப்படுத்தினார். அவை பொறியாளராகப் போகிறவர்களுக்கான பயிற்சிகள். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைக் கண்ட பிறகுதான் அமெரிக்கப் பள்ளிகளுக்கு அந்த முறை பரவியது. அரம் பிடிப்பது படிப்பில் தோற்றவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நாமாகப் பின்னால் சேர்த்துக்கொண்டது.

மியூனிக்கின் பள்ளிகளைச் சீரமைத்த கேயோர்க் கெர்ஷன்ஸ்டைனர், மாணவர் ஸ்டார்லிங் பறவைக்கு மரக்கூடு செய்வதை எடுத்துக்காட்டாகச் சொல்வார். பலகைகள் பொருந்துகின்றனவா என்று செய்தவரே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் அதில் அவருக்கு முக்கியம். மூலைமட்டத்தை என்னிடம் தந்து நகர்ந்த என் பயிற்றுநர் அவரைப் படித்தவரா என்பது தெரியாது. அந்த ஒரு செயலில் எனக்குக் கிடைத்த மரியாதை, அதற்கு முந்தைய பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பில் கிடைத்ததில்லை.

உங்கள் பிள்ளைகள்மீது உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்கறை இல்லாதவர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார். அடுத்த முறை ஒரு மாணவரின் ஜாப் நடுவில் புடைத்திருந்தால், அதைத் திருத்துவதற்கு முன் இயற்பியல் ஆசிரியரையும் பட்டறைக்கு அழையுங்கள். அந்த மாணவர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அரத்தின் மேல் தம் இரண்டு கைகளும் எங்கே எவ்வளவு அழுத்துகின்றன என்று வரையச் சொல்லுங்கள். அவர் என்ன வரைந்தார் என்பதை எனக்கு எழுதுங்கள்.