பழைய வாசலில் ஒட்டிய சம்மன்

பவானியிலிருந்து திருப்பூருக்குக் குடிபெயர்ந்து, பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நடத்திய வழக்கறிஞர், கட்டண பாக்கி கேட்டு என் மீது பவானி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும் (நான் ஆஜராகாததால் ஒருதலையாக வந்த தீர்ப்பு) வாங்கிவிட்டார். போன வாரம் நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்தி வாரண்டோடு திருப்பூர் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு விவரமே தெரியும். சம்மனை, நான் இரண்டு வருடம் முன்பே காலி செய்த பவானி வாடகை வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். தீர்ப்பை நீக்க முடியுமா?"

முடியும். ஆனால் கட்டணம் அதிகமா, நியாயமா என்ற வாதத்தை இப்போது எடுக்காதீர்கள்; சம்மன் உங்களுக்கு முறையாகச் சார்பு செய்யப்பட்டதா, அதாவது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதா, என்பதே இன்றைய கேள்வி.

முதலில் நகல் மனுப் போட்டு, வழக்குரை (வழக்குப் போட்டவர் தாக்கல் செய்த மனு), சம்மன், அதன் பின்புறம் அமீனா எழுதிய அறிக்கை, நிறைவேற்று மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போட்ட மனு) ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 17-இன்படி, பிரதிவாதி வாங்க மறுத்தாலோ, உரிய முயற்சி எடுத்தும் அவர் வீட்டில் இல்லாமல், நியாயமான காலத்துக்குள் அங்கே கிடைப்பார் என்ற நிலையும் இல்லாதபோதோதான், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டலாம். எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதை அமீனா பெயர், முகவரியோடு எழுத வேண்டும். "கதவு பூட்டியிருந்தது, ஒட்டினேன்" என்ற ஒற்றை வரியும், வெற்றாக விடப்பட்ட சாட்சி இடமும் நான் பலமுறை பார்த்தவை; உங்கள் நகலிலும் அப்படி இருந்தால் அதை மனுவில் அப்படியே எடுத்தெழுதுங்கள்.

அடுத்து இரண்டு தாள்களை அருகருகே வையுங்கள். வழக்குரையில் பவானி முகவரி, நிறைவேற்று மனுவில் திருப்பூர் முகவரி என்றிருந்தால், அதுவே உங்களுக்குப் பெரிய பலம். வழக்குப் போடும்போதே அந்த வழக்கறிஞருக்கு உங்கள் புதிய முகவரி தெரியும் என்று காட்டும் ரசீதோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் இன்னும் நல்லது. வாடகை ஒப்பந்தம், சமையல் கேஸ் புத்தகம், குழந்தையின் பள்ளிச் சான்று ஆகியவற்றையும் இணையுங்கள்.

வழக்கின் விசாரணைத் தேதி உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்து, ஆஜராகப் போதிய அவகாசமும் இருந்ததென்று நீதிமன்றம் கருதினால், சார்பு செய்ததில் உள்ள வெறும் குறைபாட்டுக்காகத் தீர்ப்பை நீக்காது. வழக்குக்கு முன் வந்த வக்கீல் நோட்டீஸ் மட்டும் அந்தத் தகவலாகாது. நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு.

கட்டளை 9, விதி 13-இன்கீழ் மனுவை, தீர்ப்பளித்த பவானி நீதிமன்றத்திலேயே போட வேண்டும். சம்மன் முறையாகச் சேராதபோது, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் கெடு; அமீனா வந்த தேதியைப் பிரமாணப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். சம்மன் சரியாகவே சேர்ந்தது என்று எதிர்த்தரப்பு நிலைநாட்டிவிட்டால் தீர்ப்புத் தேதியிலிருந்தே கெடு எண்ணப்படும் என்பதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுவது பாதுகாப்பானது. தீர்ப்பு நிறைவேற்றத்துக்காகத் திருப்பூர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், பவானியில் உத்தரவு பெறும்வரை ஜப்தியை நிறுத்திவைக்க அங்கே கட்டளை 21, விதி 26-இன்கீழ் உடனே கேளுங்கள்.

தீர்ப்பை நீக்கும்போது செலவுத்தொகை கட்டவோ, ஒரு பகுதியை நீதிமன்றத்தில் செலுத்தவோ நிபந்தனை வரலாம். பணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வழக்கு மீண்டும் கோப்புக்கு, அதாவது விசாரணைக்கு, வந்தபின், கொடுத்த கட்டணத்துக்கான ரசீதுகளோடு பதிலுரை போடலாம்.