கிட்ஸ் மீல் இனிக் காணாது!

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயது, தரம் 6 படிக்கிறான். சின்னவளுக்கு 6 வயது. மாதம் ஒருமுறை, அவருக்குச் சம்பளம் கிடைத்த கிழமையில், டவுனில் உள்ள ஒரு பர்கர் கடைக்குப் போவோம். இவ்வளவு காலமும், சிறுவர்களுக்கென்று பெட்டியில் போட்டுத் தரும் கிட்ஸ் மீல் இரண்டோடு காரியம் முடிந்துவிடும். புலமைப்பரிசில் சோதனை முடிந்த பிறகு பெடியன் மளமளவென்று வளர்ந்துவிட்டான். இப்போது தன் பெட்டியைக் காலி செய்துவிட்டுத் தங்கச்சியின் பெட்டியைப் பார்க்கிறான். பெரிய ஆக்கள் எடுக்கிற, பர்கரும் சிப்ஸும் சோடாவும் சேர்ந்த கொம்போதான் வேணுமாம். எடுத்துக் கொடுத்தால் பாதி மிஞ்சுகிறது, சோடா மட்டும் மிஞ்சுவதில்லை. அவர் காசை நினைத்துச் சினக்கிறார். மாமியோ, "இது பசி இல்லை, வாய்" என்கிறார். போன முறை கவுண்டரில் நின்ற பிள்ளை, "தம்பிக்குக் கிட்ஸ் மீல்தானே?" என்று கேட்டதும் முகம் கறுத்து வெளியே போய் நின்றுவிட்டான். ஆனால் பெட்டியோடு வரும் விளையாட்டுச் சாமானை விடவும் அவனுக்கு மனமில்லை. எந்த வயதோடு இந்தக் கிட்ஸ் மீலை நிறுத்த வேண்டும்?
- திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

பதில்: தங்கச்சி, ஒரு வயதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் சுகம், எனக்கும் சுகம். ஆனால் அப்படி ஒரு வயது கிடையாது. வெளிநாடுகளில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் சிலவற்றில் சிறுவர் பட்டியலுக்குக் கீழே "10 வயதுக்கு உட்பட்டோருக்கு", "12 வயதுக்கு உட்பட்டோருக்கு" என்று போட்டிருப்பார்கள். பெரியவர்கள் மலிவு விலைத் தட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற கணக்கு அது. பிள்ளையின் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பர்கர் கடைக் கவுண்டரில் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் மாமி போய்க் கேட்டாலும் கிட்ஸ் மீல் கொடுப்பார்கள்.

1979இல் அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 'ஹப்பி மீல்' என்ற பெட்டியை நாடு முழுவதும் விற்கத் தொடங்கியது. சின்னப் பர்கர், கொஞ்சம் சிப்ஸ், பிஸ்கட், குடிக்க ஒரு பானம், கூடவே ஒரு விளையாட்டுச் சாமான். இன்று ஊரூராக விற்கும் கிட்ஸ் மீல்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். நாலைந்து வயதுப் பிள்ளையின் கைக்கும் வயிற்றுக்கும் அது சரி. அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்குக் காணாது என்பது அந்தக் கம்பனிக்கும் விளங்கித்தான் 2001இல் 'மைட்டி கிட்ஸ் மீல்' என்று இன்னொரு பெட்டியை இறக்கினார்கள். அதில் கோழி நகெட்ஸ் நாலுக்குப் பதிலாக ஆறு. அதாவது உங்கள் மகன் இப்போது நிற்கும் நடு இடத்துக்கு அங்கே ஒரு பெயரும் கிடைத்தது, பெட்டியும் கிடைத்தது. நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் சின்னப் பெட்டியை விட்டால் அடுத்தது நேரே கொம்போதான். அந்த நடுவை நீங்களேதான் உண்டாக்க வேண்டும்.

முதலில் மாமியின் பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். இது பசிதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் என்று ஆறுதலாக வளர்ந்து வந்த பிள்ளை, பருவ வயதைத் தொட்டதும் திடீரென்று உயரும். பெடியன்கள் உச்சமாக வளரும் வருடத்தில் 9 சென்ரிமீற்றர் அளவுக்குக்கூட உயர்வார்கள். அது பெரும்பாலும் 13, 14 வயதில் வரும், சிலருக்கு முந்திவிடும். பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் போல முன்னதாகவே வரும். ஆகவே உங்கள் சின்னவள் இதே கதையை இன்னும் நாலு வருடத்தில் தொடங்கினால் திகைத்துப் போகாதீர்கள். சப்பாத்து கடிக்கிறதா, போன வருடம் தைத்த வெள்ளைக் காற்சட்டை இடுப்பில் இறுக்குகிறதா என்று பாருங்கள். மாமிக்கு அதுவே பதில். ஓடி விளையாடும் 11 வயதுப் பெடியனுக்கு நாளைக்கு 2000 கலோரியும் அதற்கு மேலும் வேண்டும். 6 வயதுக்காரியின் பெட்டி அவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு ஆகாது.

அதற்காகக் கொம்போவுக்குத் தாவுவதா? அங்கேதான் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். கொம்போ என்பது வளர்ந்த ஆம்பிளைக்கென்று கட்டியது. பெரிய பர்கர், பெரிய சிப்ஸ், பெரிய சோடா மூன்றும் சேர்ந்தால் 1000 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். அவனுடைய ஒரு நாள் தேவையில் பாதி ஒரே தட்டில். அதையாவது விடுங்கள், மாதத்தில் ஒரு நாள்தானே. எனக்குப் பிடிக்காதது அந்தச் சோடா. பாதி மிஞ்சுகிறது, சோடா மட்டும் மிஞ்சுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மில்லிலீற்றர் கோப்பையில் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் 50 கிராம் சீனியைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் போத்தல் பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. தரம் 6 பிள்ளைக்கு இதைக் காட்டினால் டக்கென்று பிடித்துக்கொள்வான். கடையில் கோப்பையில் ஊற்றித் தரும் சோடாவில் ஒரு நிறமும் இருக்காது, அதுதான் வில்லங்கம்.

சரி, எதை எடுப்பது? நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடற்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் கொத்துக் கடையில் நின்றால் மகனுக்கு எவ்வளவு எடுப்பீர்கள்? அங்கே கிட்ஸ் கொத்து என்று ஒன்று இல்லை. ஃபுல் ஒன்று எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்திருப்பீர்கள். பிறகு ஒரு நாள் அவனுக்குத் தனியாக ஹாஃப் என்று சொல்லியிருப்பீர்கள். எந்த வயதில் ஹாஃப் எடுக்கலாம் என்று கேட்டு எனக்குக் கடிதம் போடவில்லையே! கை தானாகவே அளந்துவிட்டது. வீட்டில் சோறு போடும்போதும் அதே கைதான் அளக்கிறது. அந்த அளவையே பர்கர் கடைக்கும் கொண்டுபோங்கள். வீட்டில் அவன் உங்கள் அளவுக்குச் சாப்பிடுகிறான் என்றால் உங்களுக்கு எடுக்கும் பர்கரையே அவனுக்கும் எடுக்கலாம், கொம்போ இல்லாமல், தனியாக. அப்பாவின் அளவு வர இன்னும் சில வருடம் இருக்கிறது.

பட்டியலில் படம் போட்டிருக்கும் கொம்போக்களை விட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் தனித்தனியாக விலை போட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். ஒரு சாதாரண பர்கர், வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் அல்லது அங்கேயே ஒரு தண்ணீர்ப் போத்தல், நடுவில் வைத்து எல்லோரும் எடுக்க ஒரு சிப்ஸ். கோழிக் கடை என்றால் இரண்டு துண்டும் ஒரு பணிஸும். கொம்போ மலிவு என்று கவுண்டரில் சொல்வார்கள்தான். மூன்று சாமானையும் எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றால் மலிவு. சோடாவும் பெரிய சிப்ஸும் வேண்டாம் என்றால் அதில் மலிவு எங்கே இருக்கிறது? நாலு பேருக்குமாகச் சேர்த்து எடுக்கும் பெரிய பொதிகளையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். போட்டிருக்கும் விலைக்குள் 18 வீத வற் வரி அடங்கியிருக்கிறதா, பில்லில் சேவைக் கட்டணம் தனியாக ஏறுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சினப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு வரிக்காகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மகன் சாப்பிடும் விதத்தைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். முதல் பர்கர் நாலு வாயில் போய்விடும். கடதாசியில் ஒட்டிய சோஸை விரலால் வழித்துவிட்டு அடுத்ததைத் தேடுவான். அந்த நேரத்தில் ஓடிப்போய் இரண்டாவதை வாங்கினால் அதுதான் பாதியில் கிடக்கும். பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். அப்புறமும் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அது உண்மையான பசி. மக்கெய்சர் மைதானத்தில் பந்தடித்துவிட்டு நேரே கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்து, இரண்டு துண்டு பாணும் பருப்பும் சாப்பிட்டு, மேல் கழுவிக்கொண்டு வரட்டும். கடையில் கேட்கிற அளவு தன்னால் குறையும். இரவில் திரும்பவும் பசி என்றால் மூதூர்த் தயிரும் வாழைப்பழமும் வீட்டில் இருக்கட்டும். பெரிய கொம்போவைவிட அது எவ்வளவோ மேல்.

இனி அந்த வெட்கத்துக்கு வருவோம். கவுண்டரில் நின்ற பிள்ளை பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 11 வயதில், பின்னால் வரிசையில் ஆக்கள் நிற்க, "தம்பிக்குக் கிட்ஸ் மீல்" என்பது சின்ன விஷயமில்லை. வகுப்புப் பெடியன் ஒருவன் அங்கே நின்றிருந்தால் சொல்லவே வேண்டாம். இந்தத் தொகைக்குள் உனக்கு வேண்டியதை நீயே சொல்லி வாங்கு என்று அவன் கையில் காசைக் கொடுங்கள். நீங்கள் சின்னவளோடு மேசையில் இருந்துவிடுங்கள். விலை பார்ப்பான், கூட்டிப் பார்ப்பான், மிச்சக் காசை எண்ணிப் பார்ப்பான். இரண்டாவது தடவையே பெரிய கொம்போவில் பாதி காசு எங்கே போகிறது என்று உங்களுக்குச் சொல்லித் தருவான். அவன் அன்றைக்குக் கிட்ஸ் மீலையே எடுத்துக்கொண்டு வந்தாலும் ஒரு சொல் சொல்லாதீர்கள். "இவ்வளவு பெரிய ஆளாகி..." என்று மட்டும் தொடங்கிவிட வேண்டாம். நம் வீடுகளில் பெடியன் ஒரு சாண் உயர்ந்ததும் காஸ் சிலிண்டரும் அவன் தலையில்தான், விட்டுக்கொடுப்பதும் அவன் தலையில்தான்.

விளையாட்டுச் சாமான் ஆசையைப் பற்றி ஏன் கவலைப்படுகிறீர்கள்? வயிறு முந்திவிட்டது, மனம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வளர வேண்டும் என்று சட்டமா? 2022 ஒக்டோபரில் அதே மக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று பொம்மை வைத்த பெட்டி விற்றபோது, வேலைக்குப் போகிற ஆட்களே வரிசையில் நின்று வாங்கினார்கள். நாற்பது வயதில் வராத வெட்கம் பதினொன்றில் எதற்கு? சாமானைத் தனியாக விற்பீர்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம், 600 கலோரிக்கு மேற்பட்ட சிறுவர் சாப்பாட்டோடு சாமானை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 2011 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் மக்டொனால்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? சாமானுக்கு 10 சதம் தனியாக வாங்கத் தொடங்கியது! வியாபாரிக்கு வழி தெரியாமல் போகுமா. நீங்கள் கேட்கும் கடை இல்லை என்று சொன்னால், சின்னவளுக்கு எடுக்கும் பெட்டியில் வருவதை இருவரும் முறை வைத்து எடுக்கட்டும். இந்த மாதம் அவள், அடுத்த மாதம் இவன்.

மாமிக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் தரம் 7இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும். உயரமும் நிறையும் எடுத்து, வளர்ச்சி சரியா என்று அவர்களே சொல்வார்கள். அதுவரை சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டு போகிறான், ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், இரவில் நாலைந்து தரம் சிறுநீர் கழிக்க எழும்புகிறான் என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள். பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

சின்னவளின் பெட்டியை மாற்ற வேண்டாம். அவளுக்கு அது இன்னும் சரியான அளவு. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அண்ணன் அதில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பறிபோய்விடும் என்ற அவசரத்தில் அவளும் விழுங்கப் பழகிவிடுவாள். அவள் மிச்சம் வைத்தால் அதை அவர் சாப்பிடட்டும், காசை நினைத்துச் சினந்தவர் அவர்தானே.